பிள்ளைகளின் கண்ணும் நமது கோரிக்கைப் பட்டியலில் வரவேண்டும்



எங்கள் தோட்டத்தில் பதினான்கு வருடமாக நான் தலைவராக இருக்கிறேன். இந்தப் பதினான்கு வருடத்தில் எத்தனையோ பிரச்சினைகளுக்காகத் துரையின் ஆபிசுக்கு ஏறி இறங்கியிருக்கிறேன். கூரைத் தகரம், மலசலகூடம், தராசில் வெட்டும் கிலோ, அரைப் பேர், சேமலாப நிதிக் கணக்கு என்று சொல்லிக்கொண்டே போகலாம். அடுத்த வீட்டுப் பிரச்சினையைப் பேச எனக்கு எப்போதும் வாய் இருந்தது. என் சொந்த மகளின் கண் விஷயத்தில் மட்டும் நான் ஆறு வருடம் சும்மா இருந்துவிட்டேன்.

தலைவர் என்று இருப்பவன் தன் பிழையைச் சங்கப் பத்திரிகையில் எழுதுவது வழக்கமில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இதே பிழை இந்த நேரத்தில் எத்தனை லயத்தில், எத்தனை வீட்டில் நடந்துகொண்டிருக்கிறதோ என்ற பயம்தான் காரணம்.

பிஸ்கட் டின்னில் கிடந்த சிட்டை

என் மகள் இப்போது தரம் 8இல் படிக்கிறாள். அவள் தோட்டத்துப் பாடசாலையில் தரம் 1இல் இருந்தபோது, சுகாதாரப் பகுதியிலிருந்து வந்து பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். அன்று மாலை அவள் கையில் ஒரு சிட்டை வந்தது. சிட்டை சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் பேசத் தெரியும். கடையில், பஸ்ஸில், பொலிஸில் எல்லாம் பேசிச் சமாளிப்பேன். வாசிக்கத் தெரியாது.

“என்னம்மா இது?” என்று மகளிடம் கேட்டேன்.

“கண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்கப்பா.”

“ஏன், கண்ணு தெரியலயா?”

“தெரியுதேப்பா.”

சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி என்ன தேதி என்று கேட்டேன். சரியாகச் சொன்னாள். அதோடு விஷயம் முடிந்தது. அது கொழுந்து அடிக்கும் காலம். ஆஸ்பத்திரிக்குப் போனால் எனக்கோ என் மனைவிக்கோ ஒரு பேர் போகும். பஸ் காசு வேறு. நன்றாகப் பார்க்கிற பிள்ளையை எதற்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்று நினைத்தேன். மனைவி அந்தச் சிட்டையை, பிறப்புச் சான்றிதழ்களும் கிளினிக் கொப்பிகளும் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு யாரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை. தரம் 5 வரை அந்தப் பாடசாலையில் மீண்டும் கண் பரிசோதனை நடந்ததாக நாங்கள் கேள்விப்படவுமில்லை. மகள் டவுன் பாடசாலைக்குப் போனாள். தரம் 7இல் இன்னொரு சிட்டை வந்தது. இந்த முறை வகுப்பு டீச்சரே போன் எடுத்து, “ஐயா, கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்” என்றார். போனோம்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, காக்க வைத்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார்கள். டொக்டர் நல்ல மனிதர். தமிழில் பேசினார். வலது கண் நன்றாக இருக்கிறது. இடது கண்ணுக்குச் சிறு வயதிலேயே கண்ணாடி தேவைப்பட்டிருக்கிறது. கண்ணாடி கிடைக்காததால் மூளை அந்தக் கண்ணைப் பாவிக்கப் பழகவே இல்லை. “ஆறு வயதில் கொண்டுவந்திருந்தால் நிறையச் செய்திருக்கலாம். இப்போதும் கண்ணாடி தருகிறேன், முயற்சி செய்வோம். ஆனால் முழுதாக வரும் என்று சொல்ல மாட்டேன்” என்றார்.

பஸ்ஸில் வரும்போது என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் டின்னைத் திறந்து, அந்தப் பழைய சிட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஆறு வருடம் எங்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

தெரிகிற கண்ணும் தெரியாத கண்ணும்

நான் காலண்டரைக் காட்டிக் கேட்டபோது மகள் சரியாகத்தான் சொன்னாள். நல்ல வலது கண்ணால் பார்த்துச் சொன்னாள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் வேலையைச் செய்துவிடும், கெட்ட கண் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்தப் பிள்ளைக்கே தனக்கு ஒரு கண் மங்கல் என்று தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்த பிள்ளை, உலகம் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைக்கும். அதனால் “தெரியுதா?” என்று கேட்டால் “தெரியுது” என்றுதான் சொல்லும். பிள்ளை பொய் சொல்லவில்லை. நாம்தான் தவறான கேள்வியைக் கேட்கிறோம்.

டொக்டர்மார் இதைச் சோம்பல் கண் என்கிறார்கள். பார்ப்பது கண் மட்டும் அல்ல, மூளையும் சேர்ந்துதான் பார்க்கிறது. சிறு வயதில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான படம் போகாவிட்டால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். ஏழு, எட்டு வயதுக்கு முன்னால் கண்டுபிடித்தால் கண்ணாடி கொடுத்தும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்துச் சோம்பல் கண்ணை வேலை செய்யப் பழக்கியும் பெரும்பாலும் சரிப்படுத்தலாம். வயது ஏற ஏறக் கஷ்டம். வளர்ந்த பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் முழுதாகத் திரும்பாது. காய்ச்சல் இன்று வந்தால் நாளை மருந்து எடுக்கலாம். இதற்கு மட்டும் ஒரு கெடு இருக்கிறது.

வாக்குக் கண்ணும் இப்படித்தான். “வாக்குக் கண் அதிர்ஷ்டம்” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளையின் கண் ஒரு பக்கம் திரும்பி நின்றால், அந்தக் கண்ணையும் மூளை ஒதுக்க ஆரம்பித்துவிடும். ஆகவே அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். கண்மணிக்குள் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிட்டால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இவற்றைவிட அதிகமாகக் காணப்படுவது குறும்பார்வை. கிட்ட இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். கரும்பலகை தெரியாது, கொப்பி தெரியும். இது பெரும்பாலும் பாடசாலை வயதில்தான் ஆரம்பித்துக் கூடும். பிள்ளை வளர வளரக் கண்ணும் வளர்வதால், போன வருடம் நன்றாக இருந்த பார்வை இந்த வருடம் மங்கலாம். ஒரு முறை பார்த்தாயிற்று என்று இருந்துவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

“மக்கு” என்று பெயர் வாங்கிய பிள்ளைகள்

நம் லயங்களில் “படிப்பு ஏறாத பிள்ளை” என்று பெயர் வாங்கியவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். கரும்பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதியவன். கணக்கில் 3ஐ 8 என்று எழுதி அடி வாங்கியவன். பின் வாங்கில் உட்கார்ந்து சேட்டை செய்தவன். வாசிக்கச் சொன்னால் தலைவலி என்று அழுதவள். அவர்களில் எல்லாருக்கும் கண்ணில்தான் கோளாறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எத்தனை பேருக்குக் கண்ணைப் பார்த்த பிறகு அந்தப் பெயரை வைத்தோம்?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு டியூசன், மொடல் பேப்பர் என்று கடன் வாங்கிச் செலவழிக்கிறோம். சாதாரண தரத்தில் கணிதம் போய்விட்டால் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். பலகையே தெரியாத பிள்ளைக்கு டியூசன் என்ன செய்யும்?

2014இல் சீனாவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் வெளியாயின. மேற்குச் சீனாவின் பின்தங்கிய பகுதிகளில் 252 ஆரம்பப் பாடசாலைகளில், கண்ணாடி தேவைப்பட்ட 3,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை எடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி இலவசமாகக் கிடைத்த பாடசாலைகளின் பிள்ளைகள், கிடைக்காதவர்களைவிடக் கணிதப் பரீட்சையில் முன்னேறியிருந்தார்கள். வாத்தியாரும் பாடமும் மாறவில்லை. பிள்ளைக்குப் பலகை தெரிந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று நமக்கு இன்னும் கிட்டியது. 2018இல் வெளியான ஆய்வொன்று, அசாமில் நம்மைப்போலக் கொழுந்து பறிக்கும் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டது. 40 வயதுக்கு மேற்பட்ட 751 பேர். கிட்டப் பார்வைக்கான கண்ணாடி ஒரு பகுதியினருக்கு உடனே கொடுக்கப்பட்டது, மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்தின் நிறை, போடாதவர்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ 22 சதவீதம் அதிகமாக உயர்ந்தது. மலையில் நிற்கிற நமக்கு இதில் ஆச்சரியமில்லை. எது கொழுந்து, எது வங்கி என்று கண் சொன்னால்தானே கை போகும்? நாற்பது வயதில் மலையில் கண்ணாடி இந்த வித்தியாசத்தைச் செய்யும் என்றால், ஏழு வயதில் வகுப்பில் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

இது தர்மம் அல்ல, உரிமை

கண் பரிசோதனை என்றதும், எங்காவது ஒரு கழகம் வந்து முகாம் போட்டு, பனர் கட்டி, போட்டோ பிடித்துப் போவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. அவர்கள் செய்வது நல்ல காரியம்தான். ஆனால் நம் பிள்ளைகளின் கண் அப்படி யாரோ நினைத்தபோது வந்து பார்க்கும் விஷயமாக இருக்கக் கூடாது.

இந்த நாட்டில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை என்று அரசாங்கத்தின் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம்தான் அதற்குப் பொறுப்பு. 200க்கு மேல் பிள்ளைகள் உள்ள பாடசாலை என்றால் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். 200 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் எல்லாப் பிள்ளைகளையும் வருடாவருடம் பரிசோதிக்க வேண்டும். பார்வைப் பரிசோதனையும் அதில் ஒரு பகுதி.

இந்த இரண்டாவது விதியைக் கவனியுங்கள். தோட்டங்களுக்குள் இருக்கும் நம் சிறிய பாடசாலைகள் பலவும் அதற்குள்தான் வரும். அப்படியென்றால் அங்கே படிக்கும் பிள்ளையின் கண்ணை ஒவ்வொரு வருடமும் யாராவது பார்த்திருக்க வேண்டும். என் மகளுக்கும் தரம் 2இல், 3இல், 4இல், 5இல் அந்த வாய்ப்பு வந்திருக்க வேண்டும். அந்த விதியை நான் இப்போதுதான் அறிந்தேன். கூட்டு ஒப்பந்தத்தின் வாசகங்களை மனப்பாடமாகச் சொல்லும் எனக்கு, என் பிள்ளையின் பாடசாலையில் என்ன நடக்க வேண்டும் என்பது தெரியாமல் இருந்தது.

மொழியும் உரிமைதான். 1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழ் பாடசாலைக்கு வருகிற சிட்டை தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல. என் வீட்டுக்கு வந்த சிட்டை தமிழில் இருந்திருந்தால், அதில் “ஒரு கண்ணில் பார்வை குறைவு” என்று எழுதியிருந்ததை என் மனைவியாவது வாசித்திருப்பாள்.

நம் நாட்டின் கண் தானச் சங்கம் 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வாவால் தொடங்கப்பட்டது. இறந்தவர்களின் கண்களை உலகத்தின் பல நாடுகளுக்கு அனுப்பி, அங்குள்ளவர்களுக்குப் பார்வை கொடுத்த நாடு இது. அதில் நாம் பெருமைப்படலாம். அதே நாட்டில், விமானத்தில் போக வேண்டிய தேவை இல்லாத, டவுன் வரை பஸ்ஸில் போனால் தீர்ந்துவிடக்கூடிய ஒரு குறைக்காக நம் பிள்ளை பின் வாங்கில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

“முதலில் சம்பளம், பிறகு கண்”

கமிட்டிக் கூட்டத்தில் இதை நான் பேசியபோது, மூத்த தோழர் ஒருவர் சொன்னார்: “தலைவரே, வயிற்றுக்கே வழியில்லை. முதலில் சம்பளத்தைப் பேசுவோம். கண்ணைப் பிறகு பார்ப்போம்.”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சம்பளம் சரியாக இருந்தால் நான் அன்று ஒரு பேருக்காகத் தயங்கியிருக்க மாட்டேன். அதனால்தான் இதைச் சங்கத்தின் பிரச்சினை என்கிறேன். கிளினிக்கில் பரிசோதனைக்குக் காசு இல்லை. ஆனால் அங்கே போய்வர நமக்குக் காசு தேவை. பேர் போகிறது, பஸ்ஸுக்குப் போகிறது, திரும்ப வரச் சொன்னால் மறுபடியும் போகிறது. இலவச வைத்தியம் தோட்டத்து வாசல் வரை வருவதில்லை. இடையில் உள்ள தூரத்தை யார் கட்டுவது என்பது தொழிற்சங்கக் கேள்விதானே?

ஆனால் “பிறகு” என்ற சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன். சம்பளப் பேச்சுவார்த்தை ஒரு வருடம் இழுபட்டால் நிலுவையோடு கேட்கலாம். ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நிலுவை கிடையாது. இரண்டையும் ஒரே நேரத்தில்தான் பேச வேண்டும்.

இன்னும் சில பேச்சுகள் லயத்தில் இருக்கின்றன. “கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுவிடும், பழகிவிடும்” என்கிறார்கள். கண்ணாடியால் கண் கெடாது. வளரும் பிள்ளைக்குப் பவர் மாறுவது உண்டு, அது கண்ணாடி போட்டதால் வருவதல்ல. போடாமல் விட்டால்தான், என் மகளுக்கு நடந்தது நடக்கும். “பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை எப்படிக் கிடைக்கும்?” என்று என் சொந்த அக்காவே கேட்டாள். “கண்ணாடி போடாமல் ஒரு கண் போன பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கும் அக்கா?” என்று கேட்டேன். அவள் பதில் பேசவில்லை. கேட்ட பிறகு எனக்கும் நெஞ்சு வலித்தது. உண்மையில் பிள்ளையின் படிப்பையும் கண்ணையும் கலியாணச் சந்தையில் நிறுத்திப் பேசுவதே பிழை.

கண்ணாடி போட்ட பிள்ளையை வகுப்பில் “நாலு கண்” என்று கேலி செய்கிறார்கள். அதனால் பல பிள்ளைகள் கண்ணாடியைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். இதை நிறுத்துவது ஆசிரியர்கள் கையிலும் நம் கையிலும் இருக்கிறது. பெரியவர்கள் நாம் கேலி செய்யாவிட்டால் பிள்ளைகளும் செய்யமாட்டார்கள்.

என்ன கேட்கப் போகிறோம்?

வெறுமனே வருத்தப்பட்டுப் பயனில்லை. தெளிவான கோரிக்கைகளை வைக்க வேண்டும். என் யோசனைகளைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

தோட்ட நிர்வாகத்திடம்: பாடசாலைப் பரிசோதனையில் சிட்டை கிடைத்த பிள்ளையைக் கிளினிக்குக் கூட்டிச்செல்லும் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைய பேர் போட வேண்டும். கிளினிக் சிட்டையைக் காட்டினால் போதும். வரவுக் கொடுப்பனவும் வெட்டப்படக் கூடாது. பிள்ளைகளை மொத்தமாகக் கூட்டிச்செல்லும் நாளில் தோட்டத்து வாகனத்தைத் தர வேண்டும். 1872ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று இந்த நாட்டில் சட்டம் போடப்பட்டது. நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் தோட்டத்து வைத்தியம் காய்ச்சலோடும் காயத்தோடும் நின்றுவிடக் கூடாது. அசாம் ஆய்வையும் துரைமாருக்குச் சொல்லுங்கள். கண்ணாடி போட்ட தொழிலாளி கூடுதலாகப் பறிக்கிறாள் என்றால் கம்பனிக்கும் அதில் இலாபம். நாற்பது தாண்டிய நம் பெண்களுக்கும் கண் பரிசோதனையும் கண்ணாடியும் வேண்டும் என்று அதே மேசையில் கேட்போம்.

சுகாதாரப் பகுதியிடம்: ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் இந்த வருடம் மருத்துவப் பரிசோதனை எப்போது நடந்தது, எப்போது நடக்கும் என்ற திகதி வேண்டும். சிட்டை தமிழிலும் இருக்க வேண்டும். சிட்டை கொடுத்த பிள்ளை கிளினிக்குப் போனதா என்று ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பாடசாலையிடம்: சிட்டை கிடைத்த பிள்ளைகளின் பெயர்களை அதிபர் ஒரு பதிவில் வைத்து, பெற்றோர் கூட்டத்தில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். என் மகளின் டவுன் பாடசாலை டீச்சர் எடுத்த அந்த ஒரு போன்தான் எங்களை நகர்த்தியது.

நம் சங்கத்திடம்: ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும், முடிந்தால் மாதர் அணியிலிருந்து, ஒருவரை இதற்குப் பொறுப்பாகப் போடுங்கள். கிளினிக்கில் இலவசக் கண்ணாடி கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுப் பார்ப்போம். கிடைக்காத பிள்ளைக்கு, நம் சந்தாப் பணத்திலிருந்து உதவ ஒரு சிறு நிதி ஒதுக்குவோம். மே தினக் கூட்டத்துக்கு பஸ் பிடிக்கிற நமக்கு, வருடத்தில் ஒரு நாள் கண் கிளினிக்குக்கு ஒரு வேன் பிடிப்பது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை உலகப் பார்வை தினம். அந்த வாரத்தை நம் சங்கம் பிள்ளைகளின் கண்ணுக்கென்று ஒதுக்கலாம்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

சங்கம் கேட்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளையை வாசலில் நிறுத்துங்கள். தூரத்தில் காலண்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் பிள்ளையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மெதுவாக மூடுங்கள், அழுத்த வேண்டாம். விரல் இடுக்கால் எட்டிப் பார்க்கவும் விடாதீர்கள். மற்றக் கண்ணால் எண்களை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றி வேறு எண்களைக் காட்டுங்கள். ஒரு கண்ணுக்குத் தெரிவது மற்றக் கண்ணுக்குத் தெரியாவிட்டால், அல்லது ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை அழுது கையைத் தட்டிவிட்டால், கட்டாயம் கிளினிக்குக்குப் போங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், உங்களுக்குத் தெரிவது பிள்ளைக்கும் தெரிகிறதா என்று ஒப்பிடலாம்.

இது கிளினிக் பரிசோதனைக்குப் பதில் ஆகாது. வீட்டில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், சிட்டை வந்தால் போகத்தான் வேண்டும். அங்கே ஆறு மீற்றர் தூரத்தில் எழுத்துப் பலகை வைத்துப் பார்ப்பார்கள். 6/6 என்றால் நல்ல பார்வை. 6/12 என்றால், நல்ல கண் பன்னிரண்டு மீற்றரில் வாசிப்பதை இந்தக் கண் ஆறு மீற்றருக்கு வந்தால்தான் வாசிக்கிறது என்று அர்த்தம். கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சொட்டு மருந்து விட்டால் கண்மணி விரியும், கிட்ட இருப்பது மங்கும், வெயில் கூசும். மருந்தைப் பொறுத்து அது சில மணி நேரமோ சில நாளோ இருக்கலாம். பயப்படத் தேவையில்லை. பிள்ளையைத் தனியாக அனுப்பாமல் கூடப் போங்கள், ஒரு தொப்பி கொண்டுபோங்கள்.

அன்றாடம் கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. பிள்ளை டிவிக்கு முன்னால் ஒட்டி உட்கார்ந்தால், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், தலையைச் சாய்த்துப் பார்த்தால், வரி தவறி வாசித்தால், அடிக்கடி தலைவலி என்றால், அடிப்பதற்கு முன் கண்ணைக் காட்டுங்கள். கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடி மலையுச்சியில் ஏறி, சின்ன போனில் பாடம் படித்த பிள்ளைகள் இவர்கள். போன் அன்றிலிருந்து கையை விட்டுப் போகவில்லை. பகல் வெளிச்சத்தில் வெளியில் விளையாடுகிற பிள்ளைகளுக்குக் குறும்பார்வை வருவது குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம்மிடம் வெளியும் வெளிச்சமும் இருக்கின்றன. பிள்ளையை விளையாட விடுங்கள்.

என் மகள் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள். ஒரு கண் நல்ல கண் என்பதால் அந்தக் கண்ணைப் பாதுகாக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு வெடி கொளுத்தும் இடத்துக்கு நான் அவளை விடுவதில்லை. “இன்னும் எத்தனை வருஷத்துக்குப்பா இப்படி?” என்று கேட்கிறாள். அவளுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை எங்கள் தோட்டத்தின் சார்பில் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். மற்றத் தோட்டத் தலைவர்களும் அப்படியே கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்று இரவு உங்கள் வீட்டு டின்னைத் திறந்து, கிளினிக் கொப்பிகளுக்கு இடையில் மடித்துப் போட்ட சிட்டை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்த மொழியில் இருந்தாலும், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் நாளைக்கே கொண்டுபோங்கள்.

— தோட்டத் தலைவர் ஒருவர்